பெயர் வாடகைக்கு

கம்பெனிகள் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எழுதி வெளியிட்டுக்கொள்ளும் வழக்கம் இப்போது அதிகமாகியிருக்கிறது. வழவழப்பான காகிதம், முதல் பக்கத்தில் ஸ்தாபகரின் மங்கிய புகைப்படம், கடைசிப் பக்கத்தில் மேல் நோக்கி ஏறுகிற ஒரு கோடு. இவற்றை இலக்கியமாக மதித்து யாரும் விமர்சனம் செய்வதில்லை. எனக்கென்னவோ செய்தால் என்ன என்று தோன்றுகிறது. கதை என்று ஒன்றைச் சொல்லத் துணிந்தபின் கம்பெனியானால் என்ன, கவிராயரானால் என்ன? நாவல் எழுதுகிறவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பாத்திரம் எந்த அத்தியாயம் வரையில் உயிரோடு இருக்கிறது? கடைக் கம்பெனிகளின் சரித்திரத்தில் இதற்குப் பதில் சொல்வது சுலபம். முதல் அத்தியாயத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். கடையின் பெயரை வாடகைக்கு விட ஆரம்பிக்கிற அத்தியாயத்தில் அவனைக் காணோம்.

நம் பக்கத்து உதாரணமாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய் வந்தவர்களுக்கு நீல்கிரீஸ் என்ற பெயர் பழக்கமானது. ரொட்டியும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். அதன் ஆதியைத் தேடிப் போனால் முத்துசாமி முதலியார் என்று ஒருவர் வருகிறார். தபால் ஓட்டக்காரர். கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கும் உதகைக்கும் வெள்ளைக்காரர்களின் கடிதங்களையும் செக்குகளையும் சுமந்துகொண்டு மலை ஏறினவர். 1905-இல், சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து ஓர் ஆங்கிலேயரிடமிருந்து வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி, மலை மேலேயே சின்னதாக ஒரு கடை வைத்தார்.

எவ்வளவு நல்ல ஆரம்பம்! குன்னூருக்கு 1899-இலேயே மலை ரயில் வந்துவிட்டது. உதகைக்கு 1908-இல் போய்ச் சேர்ந்தது. நடுவில் 1905. காலை நம்பிப் பிழைக்கிற ஒருவன், தண்டவாளம் தன் பிழைப்பைத் தின்றுகொண்டு மேலே வருவதைப் பார்த்திருப்பான் என்று எண்ணிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. கம்பெனி இதைச் சொல்லவில்லை. நாவலாசிரியனின் துர்ப்பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடு வீடாகக் கடிதம் கொண்டு கொடுத்தவனுக்கு எந்த பங்களாவில் எத்தனை பேர், எந்த துரை காசைக் கையில் வைத்துக் கொடுப்பான், எந்த துரை மாசக் கடைசியில் கொடுப்பான் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். வெண்ணெய்க் கடைக்கு இதைவிட என்ன மூலதனம் வேண்டும்?

இரண்டாவது அத்தியாயமும் மோசமில்லை. மகன் சென்னியப்பன் 1936-இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை திறக்கிறார். பிற்பாடு ஈரோட்டில் பால் பதனிடும் நிலையம். அப்புறம், சாமான்களை நாமே கூடையில் எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் பணம் கட்டுகிற சூப்பர் மார்க்கெட். இதற்குள் கடை பெரிதாகிவிட்டாலும் ‘இன்னாருடைய கடை’ என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

அதற்கப்புறம் வருவதுதான் விசித்திரம். கடை நடத்துவது போய், கடை நடத்துகிறவர்களுக்குப் பெயரைக் கொடுப்பது தொழிலாகிறது. இதற்கு ஃபிரான்சைஸ் என்று பெயர். இடம் உங்களுடையது, அட்வான்ஸ் உங்களுடையது, ஆள் சம்பளம், கரண்ட் பில், எலி கடித்த மூட்டை எல்லாம் உங்களுடையது. பலகை கம்பெனியுடையது. அந்தப் பலகைக்காகவும், சரக்கு இன்ன இடத்தில் வாங்கு, இன்ன அலமாரியில் வை என்று சொல்லிக்கொடுப்பதற்காகவும் ஒரு தொகையோ வரும்படியில் ஒரு பங்கோ கம்பெனிக்குப் போகும். 2014 நவம்பரில், பெரும்பான்மைப் பங்கை வைத்திருந்த ஆக்டிஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்திடமிருந்து நீல்கிரீஸை ஃப்யூச்சர் குழுமம் சுமார் 300 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது, தென்னாட்டில் 140-க்கு மேற்பட்ட கடைகள் அந்தப் பெயரில் இருந்தன. பெரும்பாலும் ஃபிரான்சைஸ் கடைகள். விற்றவர் பெயர் தெரிகிறது, வாங்கியவர் பெயர் தெரிகிறது, தொகை தெரிகிறது. அந்த 140 கல்லாக்களில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயரும் கதையில் கிடையாது. முத்துசாமி முதலியாருடைய கதைக்கு அவர்கள்தானே வாரிசு? மலை ஏறின கால் அவர்களுடையதுதானே?

வாங்கின ஃப்யூச்சர் குழுமத்தின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கடன் மிஞ்சி, 2022 பிப்ரவரியில் அதன் பெரிய கடைகள் பலவற்றின் வாடகை ஒப்பந்தம் ரிலையன்ஸ் கைக்குப் போய், கடைகளும் கை மாறின. அதே வருஷம் ஜூலையில் அதன் சில்லறை வியாபார நிறுவனம் திவால் விசாரணைக்கு உள்ளாயிற்று. பலகை எவ்வளவு பெரிதானாலும் ஆணி நாலுதான்.

வெளிநாட்டில் இந்த வித்தையை அதன் முழு உயரத்துக்குக் கொண்டுபோனது செவன்-லெவன். அதன் முதல் அத்தியாயமும் ஒரு மனிதன்தான். அதுவும் நாகப்பட்டினத்துக்காரனுக்கு உடனே புரிகிற மனிதன். 1927-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து டாலஸ் நகரில், ஐஸ் விற்கிற களத்தில் வேலை பார்த்த ஒருவர், ஐஸ் வாங்க வருகிறவர்களுக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்க ஆரம்பித்தார். மற்றக் கடைகள் மூடிய வேளையிலும் ஐஸ் களம் திறந்திருக்கும் அல்லவா? அக்கரைப்பேட்டை மீன்பிடி துறைமுகத்துப் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கிற இடத்தில் ஒரு டீக்கடை, அதிலேயே பீடி, தீப்பெட்டி, பன், பேட்டரி, தலைவலித் தைலம். டாலஸில் நடந்தது நம் கரையில் தினமும் நடக்கிறது. அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை என்று அந்தப் பெயர் 1946-இல் வந்தது. 1964-இல் ஃபிரான்சைஸ் முறையில் இறங்கினார்கள். 1974-இல் ஜப்பானில், தோக்கியோவின் தோயோசு பகுதியில் முதல் கடை. அங்கே அது வளர்ந்த வேகத்தில், 1991-இல் ஜப்பானியக் கம்பெனியே அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டது. பெயரை வாடகைக்கு எடுத்தவன் பெயரையே வாங்கிவிட்ட கதை. ஆனால் வாங்கியது கம்பெனி, கல்லாக்காரர் அல்லர்.

கல்லாக்காரர் நிலைமை என்ன? ஜப்பானில் கம்பெனியின் பங்கு, விற்ற சரக்கின் மொத்த லாபத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. விற்காமல் கெட்டுப்போய்க் கொட்டின சோற்றுப் பொட்டலத்தின் நஷ்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில் விழும். கெடுவதற்குள் விலையைக் குறைத்தாவது விற்கலாம் என்றால் கம்பெனி தடுத்தது. 2009-இல் அந்நாட்டு வியாபாரப் போட்டிக் கமிஷன் தலையிட்டு, அப்படித் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. பத்து வருஷம் கழித்து, 2019-இல், ஒஸாகா பக்கத்தில் ஒரு கடைக்காரர், ஆள் கிடைக்கவில்லை, என்னால் இருபத்துநாலு மணி நேரமும் திறந்துவைக்க முடியாது என்று இரவில் கதவைச் சாத்தினார். வருஷம் முடிவதற்குள் கம்பெனி அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. தன் கடையைத் தான் பூட்டினது தேச முழுவதும் பேசப்படுகிற செய்தியாகிவிட்டது. இந்தியாவில் அந்தப் பலகை 2021 அக்டோபரில் மும்பை அந்தேரியில் ரிலையன்ஸ் மூலம் ஏறிற்று.

இந்த வகைக் கடையைப் பற்றிக் கம்பெனிகள் எழுதாத அத்தியாயத்தை ஒரு நாவலாசிரியை எழுதியிருக்கிறார். சயாகா முராதா என்ற ஜப்பானிய எழுத்தாளர். கடையில் சிப்பந்தியாக வேலை பார்த்துக்கொண்டே எழுதினவர். ‘கொன்பினி நிங்கென்’ என்ற அந்தச் சிறு நாவலுக்கு 2016-இல் அகுதகாவா பரிசு கிடைத்தது. கதாநாயகிக்கு முப்பத்தாறு வயது. பதினெட்டு வருஷமாக ஒரே கடையில் தற்காலிகச் சிப்பந்தி. இப்போது இருக்கிற மானேஜர் அவளுக்கு எட்டாவது மானேஜர். கடையில் ஆளும் சரக்கும் எல்லாம் மாறியபின்னும் கடை மட்டும் அதே கடையாக இருக்கிறது. அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் நம்மை நடுங்க வைக்கிறது. ஆசிரியை யார் மீதும் கோபப்படவில்லை என்பது நாவலின் பலம். குறை சொல்ல வேண்டுமானால், கடைக்கு வருகிறவர்களில் ஒருவரையாவது நமக்கு இன்னும் நன்றாகத் தெரியப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மாதிரிக் கடையில் அது முடியாது என்று அவர் பதில் சொன்னால் நான் என்ன செய்ய?

பலகையைக் கண்டு நாகப்பட்டினத்துக்காரர்கள் மயங்குவார்கள் என்று நான் நினைக்கவில்லை. உலகத்தின் முதல் பெரிய கம்பெனிப் பலகைகளில் ஒன்று இங்கேதான் தொங்கிற்று. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையை இங்கே மாற்றினார்கள். வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்தை ஒன்றோடொன்று பின்னிப் பீங்கானிலும் காசிலும் பொறித்துக்கொண்டவர்கள். (பின்னால் கப்பல் கம்பெனி வைத்துக் கம்பெனிக்காரர்களைத் திணற அடித்த நம் சிதம்பரம் பிள்ளைக்கும் அதே மூன்றெழுத்துத்தான். சரித்திரத்துக்கு ஹாஸ்ய உணர்ச்சி உண்டு.) 1781-இல் ஆங்கிலேயர் வந்து அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுத் தங்களுடையதை மாட்டினார்கள்.

பலகைக்குச் சொந்தக்காரரே இல்லாத வேடிக்கையும் நம் நாட்டில்தான். சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று எத்தனை பலகைகள்! பித்தளை டபராவைத் தவிர அவற்றுள் பொதுவான அம்சம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. கும்பகோணம் யாருக்கும் உரிமை எழுதிக் கொடுக்கவில்லை. யாரிடமும் பங்கு கேட்கவும் இல்லை. இதற்கு நேர்மாறாக, திருநெல்வேலியில் இருட்டுக் கடை என்று ஊர் வைத்த பெயரோடு, பளபளக்கும் பலகை இல்லாமலேயே அல்வா விற்றுத் தீர்கிறது. உண்மையில் தமிழ்நாட்டில் ஒரே மாதிரிப் பலகையோடு கடைசிக் கிராமம் வரைக்கும் போய்ச் சேர்ந்த கடை ரேஷன் கடைதான். அதன் சரித்திரத்தை வழவழப்பான காகிதத்தில் போட யாருக்கும் தோன்றவில்லை.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மளிகைக் கடை ஒன்று உண்டு. கடைக்காரருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவர் கடையில் மிக முக்கியமான சாமான் விற்பனைக்கு இல்லை. அது நீள வாட்டில் தைத்த ஒரு பற்று நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் மனிதர் பெயர் இராது. ‘டீச்சர் வீடு’, ‘மெத்தை வீடு’, ‘போட்டுக்காரர் சம்சாரம்’, ‘போஸ்டாபீஸ் மாமி’. மாமியின் கணவர் ரிடையராகிப் பல வருஷம் ஆகிறது. நோட்டில் இன்னும் போஸ்டாபீஸ்தான். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை. அந்த இரண்டு மாதமும் போட்டுக்காரர் சம்சாரத்தின் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போகும். ஆடியில் மெல்ல மெல்ல அடிக்கப்படும். சம்பா அறுவடையை நம்பி வாங்குகிற பக்கங்களுக்கு வேறு பஞ்சாங்கம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரை ஏறிற்று. கம்பங்கள் சாய்ந்து ஊர் இருட்டில் கிடந்தது. அன்று காலை இந்தக் கடையில் ஒரு கதவை மட்டும் பாதி தூக்கிவிட்டு, கடைக்காரர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அரிசி, தீப்பெட்டி, பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர். யாரிடமும் சில்லறை இல்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. “எழுதிக்கிறேன், எடுத்துட்டுப் போங்க” என்பதே அன்று முழுதும் அவர் பேசிய பேச்சு.

இதைச் சொல்லிவிட்டு மளிகைக் கடைக்காரரைத் தெய்வமாக்க எனக்கு உத்தேசமில்லை. பற்று உள்ளவன் தராசு முள்ளைப் பார்க்க மாட்டான். பருப்பில் கல் இருந்தால் வாயைத் திறக்க மாட்டான். பாக்கியைத் தீர்க்காமல் எதிர்க் கடைக்குப் போக முடியாது. விலை என்ன என்று கேட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்கிற கடைகளும் உண்டு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது தெரு முழுவதும் தெரிந்துவிடுகிற கடைகளும் உண்டு. 1997-இல் சென்னை திருவான்மியூரில் சுபிக்ஷா என்று ஒரு கடை ஆரம்பித்துக் கிளை கிளையாகப் பரவிற்றே, ஜனங்கள் அங்கே ஓடினதற்குக் காரணம் இருந்தது. அச்சிட்ட விலை, அதிலும் தள்ளுபடி, மூடிக் கட்டின பொட்டலம். யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. அது ஃபிரான்சைஸ் கூட இல்லை. எல்லாம் கம்பெனியின் சொந்தக் கடைகள். சுமார் 1,600 கடை வரைக்கும் போய், கையில் ரொக்கம் வற்றி, 2009-இல் கதவுகள் சாத்தப்பட்டன. வெளிப்பாளையத்து நோட்டு கடனைக் கொடுத்து வாழ்ந்தது; இது கடனை வாங்கிச் செத்தது.

அந்தக் கடைக்காரரின் மகன் பி.காம். படித்துவிட்டுச் சென்னையில் பெரிய கடை ஒன்றில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவர். புத்திசாலி. ஒரு கம்பெனியின் ஃபிரான்சைஸ் எடுத்து, கடைக்குக் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். “சார், நீங்க எழுதுறவங்க. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று ஒப்பந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார்.

படித்தேன். வசனம் தெளிவாக இருந்தது. அதை மறுக்க முடியாது. பலகையின் நீளம், அகலம், சுவரின் வர்ணம், சிப்பந்திகளின் சட்டை, அலமாரிகளின் வரிசை எல்லாம் நுணுக்கமாக வர்ணிக்கப்பட்டிருந்தன. வர்ணனையில் இவ்வளவு சிரத்தை காட்டுகிற நாவலை நான் சமீபத்தில் படித்ததில்லை. சரக்கு எங்கே வாங்க வேண்டும் என்று இருந்தது. எங்கே வாங்கக் கூடாது என்றும் இருந்தது. டெபாசிட் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் திரும்பி வராது என்பதற்கு ஒன்றரைப் பக்கம். வாடிக்கைக்காரரைப் பற்றி ஒரே இடத்தில் வந்தது: பில் இல்லாமல் சாமான் கொடுக்கக் கூடாது.

நான் படித்ததைச் சொன்னபோது பெரியவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “புயல் அடிச்ச அன்னிக்குக் கடையைத் திறக்கணும்னு போட்டிருக்கா, மூடணும்னு போட்டிருக்கா?” என்று கேட்டார்.

மறுபடி தேடினேன். இயற்கை உற்பாதங்களால் நேரும் நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று ஒரு ஷரத்து இருந்தது. திறப்பது, மூடுவது பற்றி ஒன்றுமில்லை.

“பில்லு மெஷினுக்குக் கீழ நம்ம நோட்டையும் வச்சுக்கலாம்ப்பா. நம்ம கைக்காசைக் கட்டிட்டா அவங்களுக்கு என்ன?” என்றார் மகன்.

“அப்ப நோட்டு நம்ம பேர்ல, கடை அவங்க பேர்லயா, தம்பி?”

மகனுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: எதிர்த் தெருவில் ஏற்கெனவே ஒரு கண்ணாடிக் கடை வந்துவிட்டது, டீச்சர் வீட்டுப் பெண் சாமான்களைக் கைப்பேசியில் வரவழைக்கிறாள், நோட்டில் பக்கங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, வராத பாக்கியை யார் கொடுப்பார்கள்? அவர் காட்டின கணக்கில் தப்பு ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் மகன் தஞ்சாவூருக்குப் போய், அதே பலகையின் கீழ் இரண்டு வருஷமாகக் கடை நடத்துகிற ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. கெட்டுப்போன பால் யார் கணக்கில் போகிறது, குளிர்ப்பெட்டி ரிப்பேரானால் யார் பார்ப்பது, விட்டுவிட்டு வெளியே வர எவ்வளவு கட்ட வேண்டும் என்று மூன்று கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி ஆசாமி கூட வராத நாளாகப் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.